கையெழுத்துப் போடக்கூடியவர் யார்?

அத்தியாயம் 7: மாநகராட்சியோடு பேச்சுவார்த்தை

"இது என் கையில இல்லைங்க. அரசுக்கு எழுதியிருக்கோம்."

மாநகராட்சி ஆணையர் அறையில் நடக்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் இந்த வாக்கியத்தில் வந்து முட்டிக்கொள்ளும். சங்கத்துக்காரர்கள் இதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொண்டு கோபத்தோடு வெளியே வருவார்கள். வாசலில் முழக்கம், மறுநாள் நாளிதழில் நாலு வரி, அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றும் நடக்காது. தட்டிக்கழிப்பு என்பது பல நேரம் சரியான கணிப்புதான். ஆனால் ஆணையர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டின் 25 மாநகராட்சிகளும் காகிதத்தில் தனித்தனி முதலாளிகள். நடைமுறையில் நிரந்தரப் பணியாளரின் சம்பள விகிதத்தை ஊதியக்குழு வழியாக அரசு முடிவு செய்கிறது. எத்தனை பணியிடம் என்பதை நகராட்சி நிர்வாகத் துறையின் அரசாணை சொல்கிறது. தினக்கூலியை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் சம்பளமோ டெண்டர் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது. இவ்வளவும் போக ஆணையர் கையில் மிஞ்சுவது எது என்று தெரியாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் கொடுக்க முடியாததைக் கேட்டுவிட்டு, கொடுக்கக்கூடியதைக் கேட்காமல் திரும்புவோம்.

ஆகவே முதல் வேலை கோரிக்கைகளைப் பிரிப்பது. செயற்குழுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே "இதற்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் யார்?" என்று எழுதுங்கள். அடைப்பில் பதவிப் பெயர் மட்டும் போதும், ஆளின் பெயர் வேண்டாம். ஆள் மாறுவார்.

யாரிடம் எதைக் கேட்பது

கையுறை, காலணி, மழைக்கோட்டு, பெண்களுக்கு உடை மாற்ற அறையும் கழிப்பிடமும், வருகைப்பதிவு நேரம், வார விடுமுறை, மாதா மாதம் சம்பளச் சீட்டு, கட்டப்படாத பி.எஃப். பாக்கியைக் கணக்கில் ஏற்றுவது. இவை ஆணையரோ மண்டல அலுவலரோ ஒரே சுற்றறிக்கையில் முடிக்கக்கூடியவை. பல சங்கங்கள் இவற்றைச் "சில்லறைக் கோரிக்கை" என்று பட்டியலின் கடைசியில் தள்ளுகின்றன. அது பெரிய தப்பு. காலை ஆறு மணிக்கு வார்டு அலுவலகத்தில் முகப்பதிவுக் கருவி வேலை செய்யாமல் அரை நாள் சம்பளம் போன அக்காவுக்கு, எட்டாவது ஊதியக்குழுவைவிட அந்தக் கருவிதான் முக்கியம். இதில் கிடைக்கும் முதல் வெற்றியை வைத்துத்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும்.

மாநகராட்சியின் சொந்த நிதியிலிருந்து பெரிய தொகை போக வேண்டியவை மாமன்றத்துக்குப் போயாக வேண்டும். ஒரு மண்டலத்தின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதா, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதும் அங்கேதான். இங்கே பேச வேண்டியவர்கள் நிலைக்குழுத் தலைவர்களும் கவுன்சிலர்களும். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது மாநிலத் தலைவரை அழைத்துப் போவதில் பயனில்லை. அந்த வார்டில் தினமும் தெருக் கூட்டுகிற நான்கு பேரை அழைத்துப் போங்கள். தீபாவளிக்கு மறுநாள் தன் தெருவைச் சுத்தம் செய்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

பணி நிரந்தரம், காலமுறை ஊதியம், ஓய்வூதியம், பணியிட எண்ணிக்கை ஆகியவை சென்னை கோட்டையில் முடிவாகின்றன. 2022-இல் வந்த அரசாணை 152-ஐ எந்த ஆணையரும் திருத்த முடியாது. நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வெளிமுகமைக்குக் கதவு திறக்கிறது என்று சங்கங்கள் அதை எதிர்த்தன. இந்த வகைக் கோரிக்கையை ஒரே ஊரின் சங்கம் தனியாகத் தூக்க முடியாது. மற்ற மாநகராட்சிச் சங்கங்களோடு கூட்டமைப்பாகத்தான் போக வேண்டும். உள்ளூர் ஆணையரிடம் இதற்காகக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சாதகமான பரிந்துரைக் கடிதம், அதன் நகல், அனுப்பிய தேதி.

ஒப்பந்ததாரரிடம் தனியாகப் பேசலாம், ஆனால் மாநகராட்சியை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். ஒப்பந்ததாரர் சம்பளத்தைக் கொடுக்காவிட்டால் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சிக்கு உண்டு. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, அதன் இடத்தில் வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. "அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பிரச்சினை" என்று மண்டல அதிகாரி சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கணக்கோடு போங்கள்

எதிரே உட்காரும் கணக்கு அலுவலர் "இதற்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்பார். அந்தத் தொகையை நாமே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு நம் தாளை வைத்து நடக்கும். அவர் சொன்னால் அவர் தாளை வைத்து நடக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 1,000 தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் உயர்வு கேட்கிறோம். மாதம் 26 நாள் என்றால் 13 லட்சம். இதன்மேல் வேலையளிப்பவர் பங்காக பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். சேர்த்தால் 15 லட்சத்து 11 ஆயிரத்து 250. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 81 லட்சம். சம்பளம் ஏற்கெனவே 15,000-ஐத் தாண்டி, பி.எஃப். அந்த உச்சவரம்போடு நிற்கிறது என்றால், உயர்வின்மேல் புதிதாக பி.எஃப். சுமை ஏறாது. அப்போது தொகை இன்னும் குறையும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு எப்போதும் பெரிய தொகையைத்தான் காட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இ.எஸ்.ஐ.-க்குச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். இருபதாயிரத்துச் சொச்சம் வாங்குகிறவருக்கு ஆயிரம் ரூபாய் உயர்வு வாங்கிக் கொடுத்து, அவரை இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே தள்ளிவிட முடியும். நடப்புச் சந்தாக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பரோ மார்ச்சோ வரை, சந்தா தொடரும். அதையொட்டிய பலன் காலமும் முடிந்த பிறகு மருத்துவமனை அட்டை வெறும் காகிதம். குப்பைக் கிடங்கில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன ஒருவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் லாபமா நட்டமா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்வு இந்தக் கோட்டைத் தாண்டுமானால், குடும்ப மருத்துவக் காப்பீட்டை அதே ஒப்பந்தத்தில் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்று ஒத்திவைக்காதீர்கள்.

இன்னொன்று, இரண்டு கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர் துறை உள்ளாட்சி வேலைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் ஒன்று, அகவிலைப்படியோடு ஏப்ரல் 1-ஆம் தேதி மாறுவது. ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி மற்றொன்று. பல மாவட்டங்களில் இரண்டும் ஒன்றல்ல. குறைவானதைத்தான் கொடுக்கிறார்கள் என்றால், அது கோரிக்கையே இல்லை, சட்டமீறல் புகார். அதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துப் பேரம் பேசுவது நமக்கு நாமே விலை குறைத்துக்கொள்வது.

எப்போது உட்காருவது

மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மாமன்றத்துக்கு வரும். துறைவாரி மதிப்பீடு அதற்கு முன்பே தயாராகத் தொடங்கிவிடும். மே தினத்தில் கோரிக்கை மனு கொடுப்பது அழகான வழக்கம், ஆனால் அந்த ஆண்டுக்கான பணம் அப்போது ஒதுக்கி முடிந்திருக்கும். நவம்பருக்குள் கொடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் இதைவிடக் கறாரான கெடு ஒன்று உண்டு. டெண்டர் நிபந்தனையில் ஏறாத ஒரு ரூபாயும் ஒப்பந்ததாரரின் பையிலிருந்து வராது. என்ன சம்பளம், பழைய ஆட்களை அப்படியே எடுத்துக்கொள்வதா, பழைய சர்வீஸ் கணக்கில் வருமா, சம்பளத்தைப் பிடித்தால் என்ன அபராதம் என்ற நான்கும் டெண்டர் அறிவிப்பு வெளிவருவதற்கு முன்னால் பேசப்பட வேண்டியவை. வேலை உத்தரவு கொடுத்த பிறகு மாநகராட்சியின் கை கட்டப்பட்டுவிடுகிறது. கட்டிக்கொண்டது அவர்களேதான் என்பது வேறு விஷயம்.

2025 ஆகஸ்டில் சென்னையில் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். அமைச்சர்கள், மேயர் மட்டத்தில் பல சுற்றுப் பேச்சு நடந்தது. உடன்பாடு வரவில்லை. நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை காலை உணவு, காப்பீடு என்று நலத் திட்டங்களை அறிவித்தது. கேட்ட நிரந்தரமும் பழைய நிலையும் அதில் இல்லை. அந்தப் பதின்மூன்று நாள் போராட்டம் ஊர் முழுக்கத் தூய்மைப் பணியைப் பேச வைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுக்கு உட்கார்ந்தபோது தனியாருடனான ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. மேசையில் விட்டுக்கொடுக்க அரசிடம் அதிகம் இல்லை, இருந்ததை விட்டுக்கொடுக்க மனமும் இல்லை. உங்கள் ஊர் மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலை மாதா மாதம் வாங்கிப் படிக்க ஒருவரை நியமியுங்கள். "திடக்கழிவு மேலாண்மை" என்ற தலைப்பில் ஏதாவது பொருள் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் அவர் வேலை.

யார் பேசுவது

ஒரே மாநகராட்சியில் ஐந்தாறு சங்கம் இருப்பது நம் ஊர் வழக்கம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு ஒரு சங்கத்துக்கு இருந்தால், அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. பத்தொன்பது சதவீதம் வைத்திருக்கும் சங்கத்துக்கு நாற்காலி இல்லை. ஆகவே சந்தா ரசீதும் உறுப்பினர் பதிவேடும் இனி அலமாரிக் காகிதங்கள் அல்ல. "வருகைப் பதிவேட்டிலுள்ள" என்ற சொல்லையும் கவனியுங்கள். சுய உதவிக் குழு வழியாகவோ கம்பெனி வழியாகவோ வேலை செய்பவர்கள் யாருடைய பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பதில்தான் சண்டை தொடங்கும்.

"நாங்கள் அரசாங்கம், தொழில் நிறுவனம் அல்ல, இந்தச் சட்டமே எங்களுக்குப் பொருந்தாது" என்ற வாதத்தையும் எதிர்பாருங்கள். பட்ஜ் பட்ஜ் நகராட்சி வழக்கில் 1952-லும், நாக்பூர் மாநகராட்சி வழக்கில் 1960-லும் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. நாக்பூரில் துறை துறையாகப் பார்த்து, பெரும்பாலானவை தொழில்தான் என்றது. புதிய சட்டம் இறையாண்மைப் பணிகளை விலக்குவதால் இந்த வாதம் மறுபடி தலைதூக்கும். குப்பை அள்ளுவது இறையாண்மைப் பணி என்றால் அதை எப்படித் தனியாருக்கு டெண்டர் விட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மேசையில்

நம் தரப்பில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அதில் இருவர் பெண்களாக, இருவர் இன்றும் களத்தில் வேலை செய்பவர்களாக இருக்கட்டும். பேசுவது ஒருவர். எழுதுவது ஒருவர், அவர் வாயே திறக்கக் கூடாது. எதிர்பாராத ஒரு தொகையை அவர்கள் சொன்னால், "பத்து நிமிஷம் வெளியில பேசிட்டு வர்றோம் சார்" என்று எழுந்து போக வெட்கப்பட வேண்டாம். அறைக்குள்ளேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கூட்டக் குறிப்பை அலுவலகம்தான் தட்டச்சு செய்யும். இரண்டு நாள் கழித்து வரும் நகலில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கக் கோரியது தொடர்பாக ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது." யார், எப்போது, எத்தனை பேருக்கு என்று எதுவும் இல்லை. இதில் கையெழுத்துப் போடாதீர்கள். நம் எழுத்தர் எழுதி வைத்ததைப் பார்த்து, கூட்டம் கலைவதற்கு முன்பே இப்படிக் கேளுங்கள்: "மண்டலம் 3-இல் உள்ள தூய்மைப் பணியாளர் அனைவருக்கும் இரண்டு ஜோடி கையுறையும் ஒரு ஜோடி காலணியும் ஜூலை 15-க்குள் மண்டலச் சுகாதார அலுவலர் வழங்குவார். வழங்கிய பட்டியலின் நகல் சங்கத்துக்குத் தரப்படும்." நாள், பதவி, எண்ணிக்கை, சரிபார்க்கும் வழி. கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பட்டியல் இல்லையென்றால் நூறு பேருக்குக் கொடுத்துவிட்டு அத்தனை பேருக்கும் கொடுத்ததாகக் கோப்பு முடிந்துவிடும்.

எந்தக் காகிதம்

பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து நாம் பழகிய பெயரில் 18(1), 12(3) என்று இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. சட்டத்தின் பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் தொழிற்சங்க வட்டாரத்தில் இந்தப் பெயர்கள் சீக்கிரம் மறையாது. நிர்வாகமும் சங்கமும் நேராகப் பேசிப் போடுவது 18(1), கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது 12(3). சங்கத்தில் இல்லாதவர்களையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவர்களையும் கட்டும். இந்த வேறுபாடு புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. முடிந்தவரை இரண்டாவதையே கேளுங்கள். நேர் ஒப்பந்தம்தான் கிடைக்கிறது என்றால் அதன் நகலைத் தொழிலாளர் துறைக்கும் சமரச அதிகாரிக்கும் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அது ஒப்பந்தம் என்றே கணக்கில் வராது. காலாவதித் தேதி போட மறந்தால் ஆறு மாதம்தான் உயிர். அதற்குப் பிறகும் யாராவது நோட்டீஸ் கொடுத்து 60 நாள் ஆகும்வரை தொடரும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

சில நேரம் கையெழுத்துப் போட வேண்டியவர் போடவே மாட்டார். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1968 பிப்ரவரி 12-இல் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பழுதான குப்பை லாரியின் அரவை இயந்திரத்தில் சிக்கி இருவர் இறந்திருந்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க மாட்டேன், சம்பளத்தில் சந்தா பிடிக்க மாட்டேன் என்று மேயர் ஹென்றி லோப் கடைசிவரை நின்றார். ஆதரவு தெரிவிக்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் வந்த தீர்வு நகர மன்றத்தின் வாக்கெடுப்பு வழியாக வந்தது. சந்தாவை நகர நிர்வாகம் பிடிக்காது, ஊழியர்களின் கடன் சங்கம் பிடிக்கும் என்று வழி கண்டார்கள். மே 1 முதல் மணிக்கு 10 சென்ட், செப்டம்பர் 1 முதல் இன்னும் 5 சென்ட் உயர்வு. அதற்கான முதல் பணத்தை உள்ளூர்த் தொழிலதிபர் ஏப் ப்ளௌ பெயர் சொல்லாமல் கொடுத்தார். மேயரின் வீம்பு வீம்பாகவே இருந்தது, சந்தாவும் வந்து சேர்ந்தது. உங்கள் ஆணையர் "சங்கத்தோடு ஒப்பந்தம் போட மாட்டேன்" என்றால், அதே சங்கதியை மாமன்றத் தீர்மானமாகவோ டெண்டர் நிபந்தனையாகவோ சுற்றறிக்கையாகவோ வாங்க முடியுமா என்று பாருங்கள். மாமன்றத் தீர்மானத்துக்கு ஒப்பந்தத்தின் பலம் கிடையாது, அடுத்த தீர்மானம் அதை மாற்றலாம். ஆனாலும் கைக்குக் கிடைத்தது அது.

பேச்சு முறிந்தால்

முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ் இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். துப்புரவுப் பணி பழைய சட்டத்திலும் பொதுப் பயன்பாட்டுச் சேவைதான், எனவே நமக்கு இது புதிதல்ல. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகாமல் இறங்கக் கூடாது, 60 நாளுக்குள் இறங்காவிட்டால் நோட்டீஸ் செத்துப்போகும். சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் பேச்சு முடியும்வரையும் அதன்பின் 7 நாளும் இறங்கக் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்புப் போட்டாலும் புதிய சட்டத்தில் அது வேலைநிறுத்தமே. "லீவுதானே சார் போட்டோம்" என்ற பழைய தந்திரம் இனிச் செல்லாது. நிரந்தரப் பணியாளர்கள் 2003-ஐயும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்கள் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின்கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதையொட்டிய வழக்கில்தான்.

சமரசப் பேச்சு நடக்கும்போது நமக்கும் ஒரு கேடயம் உண்டு. அந்தக் காலத்தில் சர்ச்சையில் இருக்கும் வேலை நிலைமைகளை நிர்வாகம் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. காசியாபாத் மாநகராட்சியின் தோட்டத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுச் சமரச அதிகாரியிடம் போயிருந்தபோது, 2005-இல் நோட்டீஸ் எதுவுமின்றி வாய்வார்த்தையாக நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்றது மாநகராட்சி. அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னபோது காட்ட எதுவும் இல்லை. 2025 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும் பாதிப் பின்சம்பளம் தரவும் உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு, ஆனால் இடையில் ஓடியது இருபது ஆண்டு. யார் மேற்பார்வையில் வேலை செய்தோம் என்பதைக் காட்டும் வருகைப் பதிவேட்டு நகல், மேஸ்திரியின் கையெழுத்து, அடையாள அட்டை, வாட்ஸ்அப்பில் வந்த வேலை உத்தரவு எல்லாவற்றையும் இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். நிரந்தரம் கேட்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுப் பணி நிரந்தரச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை என்று கேட்கிறது. நாளை எண்ணிக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

சமரசம் தோற்றால் அதிகாரி முறிவறிக்கை தருவார். முன்பு அரசு பரிந்துரைத்தால்தான் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும், கோப்பு கோட்டையில் மாதக்கணக்கில் தூங்கும். இப்போது அறிக்கை கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் நாமே நேராகத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அறிக்கை கைக்கு வந்த தேதியைத் தபால் உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் கட்டணத்துக்கான வசூலை அந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.